பல பூட்டுகளும் ஒரு மையமும்

கோட்டை என்பது யாது என்று வினவினால், மதில் என்பார் சிலர். அகழி என்பார் வேறு சிலர். வரலாறு கற்பித்த ஆசிரியன் என்ற முறையில் நான் கூறும் விடை வேறு. பூட்டிய வாயில்கள் பலவும், அவற்றிற்கு ஆணையிடும் ஓர் இடமும் சேர்ந்ததே கோட்டை. மதில் எவ்வளவு திண்மையுடையதாயினும், வாயிலுக்கும் ஆணையிடும் இடத்திற்கும் இடையேயுள்ள தொடர்பு அறுமானால் கோட்டை வெறுங் கற்குவியலாகி விடும். இவ்வுண்மையை நம் நாட்டு மாணவர் கற்பதற்குச் செஞ்சியினும் சிறந்த பாடநூல் இல்லை. என் ஊராகிய அனந்தபுரம் அக்கோட்டைக்கு அணித்தே உள்ளது. ஆதலால் பழைய கோட்டையின் வாயில்களையும், இன்று வீடுகளிலும் விடுதிகளிலும் பொருத்தப்பெறும் கம்பியில்லாப் பூட்டுகளையும் ஒருங்கே வைத்து நோக்கும் எண்ணம் எனக்கு உண்டாயிற்று. இரண்டிலும் எழும் சிக்கல் ஒன்றே என்பதை இப்பேச்சில் விளக்க முயல்கின்றேன்.

செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து அமைந்தது. ராஜகிரி சுமார் 800 அடி உயரமுடையது. அதன் உச்சியை அடைய ஏழு வாயில்களைக் கடத்தல் வேண்டும். உச்சிக்கு அருகே பாறை பிளந்து ஒரு பெரும் பள்ளம் உள்ளது. அதன்மீது அமைந்த மரப் பாலத்தை நீக்கிவிட்டால் மேலே செல்ல வழியில்லை. கீழ்க்கோட்டைக்கு வேலூர் வாயில் என்றும் புதுச்சேரி வாயில் என்றும் இரு பெருவாயில்கள் உண்டு. 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டு ஏற்கப்பெற்றன. அவற்றுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே.

இக்கோட்டையின் வரலாற்றில் இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1690-இல் மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். சிவாஜியின் மைந்தர் இராஜாராம் அப்போது உள்ளே இருந்தார். முற்றுகை இடையிடையே தளர்ந்தது. 1693-இல் சுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கவும் நேர்ந்தது. 1698-இல்தான் கோட்டை மொகலாயர் வசமாயிற்று. அதற்கு முன்னரே இராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள்! இனி மற்றொரு நிகழ்ச்சி. 1750-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சியின்மீது வந்தார். வெடிமருந்து வைத்துக் கீழ்க்கோட்டை வாயிலைத் தகர்த்தார். இருள் சூழ்ந்த பின் மூன்று குன்றுகளின்மீதும் ஒரே வேளையில் தம் படையை ஏவினார். பொழுது விடியுமுன் கோட்டை அவர் கைக்கு வந்துவிட்டது.

எட்டு ஆண்டுகள் நின்ற கோட்டை, ஓர் இரவில் வீழ்ந்தது எவ்வாறு? கல் மாறவில்லை, மதில் மாறவில்லை. வெளியே தோல்வியுற்று ஓடிவந்த படையால் உள்ளிருந்தோர் மனங்கலங்கியிருந்தனர் என்பது ஒரு காரணம். எல்லா வாயில்களும் ஒரே நேரத்தில் உதவி கோரும் நிலை உண்டாயிற்று என்பது மற்றொன்று. ஒவ்வொன்றாக வரும் இடரைத் தாங்கவல்ல ஏற்பாடு, எல்லாம் ஒருங்கே வருங்கால் தாங்குவதில்லை. இதனை நினைவில் இருத்துங்கள், பின்னர்ப் பயன்படும்.

இனிப் பூட்டைப் பற்றிச் சிறிது கூறுவேன். பூட்டு என்றவுடன் நமக்கு நினைவில் வருவது திண்டுக்கல். கையால் செய்யப்பெறும் அவ்வூர்ப் பூட்டுகளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. அவற்றுள் மாங்காய்ப் பூட்டு என்பது பெயர் பெற்றது. அப்பூட்டிற்கும் அதன் சாவிக்கும் உள்ள உறவு இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் உறவு. சாவி நுழைந்தது, திரும்பியது, பூட்டுத் திறந்தது. ஐயத்திற்கு அங்கு இடமேயில்லை. பத்துப் பூட்டுகள் இருந்தால் பத்துச் சாவிகள். ஒன்றின் குறை மற்றொன்றைத் தொடாது.

தொடாமலேயே ஒரு செயலை நிகழ்த்தலாம் என்பதை நம் நாட்டில் கண்கூடாகக் காட்டியவர் ஜகதீச சந்திர போஸ் ஆவார். 1895-இல் கல்கத்தாவில் நிகழ்ந்த காட்சியில், சுவரை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளைக் கொண்டு அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். அன்று வியப்பாக இருந்தது, இன்று நம் வாயிற்கதவுகளில் வந்து அமர்ந்துவிட்டது. கதவில் உள்ள பூட்டிற்குள் ஒரு சிறு மின்பொறியும், நான்கு மின்கலங்களும், ஒரு சிறு வானொலிக் கருவியும் இருக்கின்றன. வீட்டின் ஓரிடத்தில் ‘ஹப்’ என்று வழங்கும் மையப் பெட்டி இருக்கின்றது. கைப்பேசியில் நாம் இடும் ஆணை மையத்திற்குச் செல்கின்றது; மையம் அதனைப் பூட்டிற்கு அலைவழியாக அறிவிக்கின்றது; பூட்டுத் தன் தாழை நகர்த்தி, ‘செய்து முடித்தேன்’ என்று விடை கூறுகின்றது. இவ்விடை வந்து சேர்ந்தால்தான் செயல் நிறைவெய்தியது என்று கொள்ளலாம்.

ஒரு பூட்டும் ஒரு மையமும் இருக்குங்கால் சிக்கல் அரிது. இருபது பூட்டுகளை ஒரே மையத்தோடு பிணைக்கும்போதுதான் தொல்லை தொடங்குகின்றது. இத்தொல்லை பூட்டோடு பிறந்ததன்று. பூட்டிற்கு முன்பே ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. அவ்வரலாற்றை மாணவர் அறிதல் நன்று.

பசிபிக் பெருங்கடலில் உள்ள அத்தீவுகளில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் சிதறிக் கிடந்தன. கணிப்பொறியோ ஓவாஹு என்னும் ஒரு தீவில் மட்டும் இருந்தது. நார்மன் ஆப்ராம்சன் என்னும் பேராசிரியரும் அவர்தம் துணைவரும், கம்பியின்றி வானொலி அலையாலேயே யாவற்றையும் அம்மையத்தோடு இணைக்கத் துணிந்தனர். 1971-இல் அவ்வமைப்பு இயங்கத் தொடங்கியது. அதற்கு ‘அலோஹாநெட்’ என்று பெயரிட்டனர். மையத்திலிருந்து பிறர்க்குச் செல்லும் செய்திக்கு ஓர் அலைவரிசை; பிறரிடமிருந்து மையத்திற்கு வரும் செய்திக்கு மற்றோர் அலைவரிசை. பலரும் பேசவேண்டிய பாதை ஒன்றே. இருவர் ஒரே கணத்தில் பேசினால் இருவர் சொல்லும் குழம்பி அழிந்துவிடும்.

ஆப்ராம்சன் இதற்குக் கண்ட வழி எளிமையானது. செய்தி நன்றாக வந்து சேர்ந்தால் மையம் ஒப்புதல் அனுப்பும். ஒப்புதல் வராவிடில், அனுப்பியவர் சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்புவார். எவ்வளவு நேரம் காத்திருப்பது? எல்லோரும் ஒரே அளவு காத்திருந்தால் மீண்டும் மோதுவர் அன்றோ? ஆதலால் ஒவ்வொருவரும் குலுக்கல் முறைபோல் வெவ்வேறு அளவு காத்திருத்தல் வேண்டும். இம்முறை பயன் தந்தது. ஆயினும் இதற்கு ஓர் எல்லை இருந்தது. கணக்கிட்டுப் பார்த்ததில், அவ்வலைவரிசையின் முழு ஆற்றலில் 100-க்குச் சுமார் 18 பங்கே பயன்படும் என்று தெரிந்தது. காலத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று விதித்தபோது அது சுமார் 37 பங்காக உயர்ந்தது. ஒழுங்கு ஒன்றினாலேயே பயன் இருமடங்காயிற்று.

வகுப்பறையில் நாம் நாள்தோறும் கண்ட காட்சி இதுவே. ஆசிரியர் உள்ளே வந்ததும் நாற்பது மாணவரும் ஒருங்கே ‘உள்ளேன் ஐயா’ என்று கூவினால் வருகைப் பதிவேட்டில் எவர் பெயரைக் குறிப்பது? அதனாலன்றோ பெயர் சொல்லி ஒவ்வொருவராக அழைக்கின்றோம்! கணக்கும் இதனை மெய்ப்பிக்கும். இரண்டு பூட்டுகள் இருந்தால் ஒன்றோடொன்று மோதக்கூடிய இணை ஒன்றே. ஆறு பூட்டுகளில் 15 இணைகள். இருபத்து நான்கு பூட்டுகளிலோ 276 இணைகள். பூட்டு நான்கு மடங்காகும்போது மோதல் வாய்ப்புப் பதினெட்டு மடங்குக்கு மேல் பெருகுகின்றது.

இக்காலக் கருவிகள் பேசுமுன் செவிகொடுத்துக் கேட்கின்றன. பிறர் பேசிக்கொண்டிருந்தால் பொறுத்திருந்து, ஓசை அடங்கியபின் பேசுகின்றன. ஜிக்பீ என்னும் முறையில் அமைந்த பூட்டுகள் இவ்வாறே செய்கின்றன. ஆயினும் இதிலும் ஒரு குறை உண்டு. ராஜகிரியின் மேற்குச் சரிவில் நிற்கும் காவலனுக்குக் கிழக்கே சந்திரகிரியின் அப்பால் நிற்பவன் குரல் கேளாது. நடுவில் நிற்பவனுக்கோ இருவர் குரலும் கேட்கும். ஆதலால் இருவரும், ‘அமைதியாக உள்ளது, பேசலாம்’ என்று எண்ணி ஒரே வேளையில் குரல் கொடுப்பர். நடுவில் நிற்பவன் ஒன்றும் விளங்காமல் திகைப்பான். நீண்ட கட்டடத்தின் இரு கோடிகளிலும் உள்ள பூட்டுகளுக்கு நேர்வது இதுவே.

எங்கள் வட்டாரத்தில் மாணவர் விடுதி ஒன்றில் இருபத்து நான்கு அறைகளுக்கும் இத்தகைய பூட்டுகளைப் பொருத்தியிருந்தனர். இரவு பத்து மணிக்குக் கதவுகள் யாவும் தாமே பூட்டிக்கொள்ளுமாறு மையத்தில் ஏற்பாடு செய்திருந்தனர். நாள்தோறும் மூன்று நான்கு கதவுகள் விடை கூறுவதில்லை. விடுதிக் காப்பாளர் என் பழைய மாணாக்கர். அவர் ஒரு நாள் என்னிடம் வந்து, “ஐயா, விடை தராத பூட்டுகளை எல்லாம் மாற்றிவிடச் சொல்கிறார்கள். செலவு மிகுதியாகும் போலிருக்கிறது, என்ன செய்யலாம்?” என்று கேட்டார்.

“தம்பி, எந்தெந்தக் கதவு எந்தெந்த இரவில் தவறியது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?” என்றேன்.

“இல்லை ஐயா.”

“பத்து நாள் எழுதுங்கள், பிறகு பேசுவோம்” என்றேன்.

பத்து நாட்கள் கழித்துக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். அதில் உண்மை தெளிவாக இருந்தது. பதினேழாம் எண் கதவு பெரும்பாலான இரவுகளில் தவறியிருந்தது. ஏனைய கதவுகளோ இன்று ஒன்று, நாளை வேறொன்று என மாறி மாறித் தவறியிருந்தன. அவற்றுள்ளும் கட்டடத்தின் இரு கோடிகளில் உள்ளவையே மிகுதி.

மாணவர்களே, பழுது நாடுவோர்க்கு உரிய முதல் விதி இதில் அடங்கியுள்ளது. எப்போதும் ஒரே கதவு தவறுமானால், ஐயம் அக்கதவின்மீது செல்லட்டும். ஒரே பக்கத்துக் கதவுகள் தவறுமானால், ஐயம் அப்பக்கம் செல்லும் வழியின்மீது செல்லட்டும். நாளுக்கு ஒன்றாக மாறி மாறித் தவறுமானால், நெரிசலை எண்ணுங்கள். எல்லாக் கதவுகளும் ஒருங்கே தவறுமானால், மையத்தை நோக்குங்கள். மருத்துவர் நாடி பார்த்தபின் மருந்து கொடுப்பதுபோல, இந்நான்கனுள் எது என்று துணிந்தபின்னரே கருவியில் கை வைத்தல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்று அறியமாட்டோம்.

அவ்விடுதியில் மையப் பெட்டி அலுவலறையின் இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைக்கப்பெற்றிருந்தது. களவு போகாமல் காக்கவேண்டும் என்னும் நல்லெண்ணமே காரணம்; ஆனால் இரும்பு அலையைத் தடுக்கும். முதலில் அதனை வெளியே எடுத்து உயரமான இடத்தில் வைத்தனர். அண்மையிலேயே வைஃபை பெட்டியும் இருந்தது. வைஃபையும் ஜிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் ஒரே அலைப்பரப்பில் இயங்குவன. ஜிக்பீ அப்பரப்பைப் பதினாறு வரிசைகளாகப் பகுத்து 11 முதல் 26 வரை எண்ணிட்டுள்ளது. வைஃபையின் ஒரு வரிசை அவற்றுள் ஏறக்குறைய நான்கினை மறைத்துவிடும். ஆதலால் இரண்டையும் தள்ளி வைத்து, வரிசைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவாறு மாற்றினர்.

அடுத்தது வழி. மின்கலத்தால் இயங்கும் பூட்டுகள் தம் ஆற்றலைச் சேமிக்கும் பொருட்டுப் பெரும்பொழுதும் உறங்குவன. பிறர் செய்தியை வாங்கி அப்பால் அனுப்பும் பணியை அவை ஏற்பதில்லை. அப்பணியைச் சுவர் மின்சாரத்தில் இயங்கும் கருவிகளே செய்யும். இருபது பூட்டுகள் வரிசையாக இருப்பதால் ஒன்றன் கை ஒன்று பிடித்துச் செய்தி செல்லும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழையான எண்ணம். விடுதியின் இரு கூடங்களிலும் நடுவே ஒவ்வோர் இடைநிலைக் கருவியைச் சுவர்மின் இணைப்பில் பொருத்தினர். மையத்தின் அருகில் வைத்து இணைத்த பூட்டைத் தொலைவில் உள்ள கதவுக்குக் கொண்டு சென்றால், அது புதிய வழியைக் கண்டறியுமாறு செய்தல் வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நெரிசல். இருபத்து நான்கு கதவுகளுக்கும் பத்து மணி அடித்த அக்கணமே ஆணை சென்றது. பூட்டுகளின் செய்தி மறைமொழியில் செல்வதாகையால், விளக்கை ஏற்றும் ஆணையைக் காட்டிலும் மிகுந்த சொற்பரிமாற்றம் அதற்கு வேண்டும். இசட்-வேவ் என்னும் மற்றொரு முறையின் பழைய காப்பு ஏற்பாட்டில், ஒரு செய்தி சொல்ல மூன்று முறை அலை செல்லவேண்டியிருந்தது. ஆகவே ஆறு கதவுகளுக்கு ஒரு நிமிடம் என நான்கு பகுதியாகப் பிரித்து ஆணையிட்டனர். வருகைப் பதிவேட்டு முறைதான்! மாறி மாறித் தவறிய கதவுகள் அதன்பின் பெரும்பாலும் தவறவில்லை.

எஞ்சியது பதினேழாம் எண் கதவு. அதன் பூட்டைக் கழற்றி மையத்தின் அருகே வைத்துப் பார்த்தனர், குறையின்றி இயங்கியது. ஒருவர் 1.5 வோல்ட் மின்கலங்களுக்கு மாற்றாக 1.2 வோல்ட்டுடைய, மீண்டும் மின்னேற்றும் கலங்களை இட்டிருந்தார். நான்கு கலத்திற்கு 6 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 4.8 வோல்ட்டே இருந்தது. அதனை மாற்றிய பின்னும் குறை முற்றும் நீங்கவில்லை. இறுதியில் தச்சர் ஒருவர் வந்து பார்த்தார். மழைக்காலத்தில் கதவு மரம் ஊறிப் பருத்துத் தாழ், நிலையின் துளைக்கு நேர்படாமல் முட்டிக்கொண்டிருந்தது. இழைப்புளியால் சிறிது சீவினார். பூட்டு விடை கூறிற்று. புதுப் பூட்டு ஒன்றும் வாங்கவேண்டிய தேவை எழவில்லை.

இன்னும் இரு செய்திகள் கூறல் வேண்டும். ஒரு மையத்தோடு முன்னர் இணைந்திருந்த பூட்டு, அவ்வுறவை முறையாக நீக்கினாலன்றிப் புதிய மையத்தை ஏற்காது. எண்ணும் பெயரும் குழம்பாதிருக்கக் கதவுதோறும் தனிப்பெயர் இட்டு ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். ஒவ்வொரு மையத்திற்கும் அது தாங்கும் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. இசட்-வேவ் முறையில் ஒரு குழுவில் 232 கருவிகளுக்கு இடமுண்டு எனினும், இடம் உண்டு என்பதும் எல்லாம் ஒருங்கே பேசலாம் என்பதும் ஒன்றல்ல.

இவற்றினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. மின்சாரம் நின்றது, மையம் செயலிழந்தது, நள்ளிரவில் ஓர் அறையில் தீப்பற்றியது என்று வையுங்கள். உள்ளே உறங்கும் மாணவன் மையத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருத்தல் இயலுமா? கதவு உள்ளிருந்து எப்போதும் கையாலேயே திறக்கக் கூடியதாக இருத்தல் வேண்டும். வெளியிலிருந்து திறக்க உலோகச் சாவி ஒன்று பொறுப்புள்ளவரிடம் இருத்தல் வேண்டும். மையம் ஒழுங்கு செய்வதற்கே அன்றி, உயிரைப் பிணைத்து வைப்பதற்கு அன்று. இவ்விரண்டும் இல்லாத விடுதியில், எத்துணை நுண்மையான பூட்டுகள் இருப்பினும், பிள்ளைகளை உறங்கவிடுதல் தகாது.

இதற்கும் செஞ்சியே சான்று தருகின்றது. பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரியே மையம். செஞ்சிக்கு ஆணையும் படையும் அங்கிருந்தே வந்தன. 1761-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. மையம் போயிற்று. ஆயினும் செஞ்சி உடனே வீழவில்லை. ஆங்கிலத் தளபதி ஸ்டீபன் ஸ்மித் அதனை முற்றுகையிட்டும், ஏப்ரல் வரை அது தனித்தே நின்றது. குன்றின்மேலேயே நெற்களஞ்சியமும் நீர்ச்சுனையும் இருந்தமையால் அது இயன்றது. கட்டியவர்கள், மையம் தவறும் நாள் ஒன்று வரும் என்று எண்ணியே கட்டினர்.

ஆகவே மாணவர்களே, பலவற்றை ஒன்றோடு இணைக்கும் எந்த அமைப்பைக் கண்டாலும், அது பூட்டாயினும், கணிப்பொறியாயினும், ஆட்சி முறையேயாயினும், மூன்று வினாக்களை எழுப்புங்கள். யார் எப்போது பேசுவது என்னும் முறை உண்டா? தவறுகளைக் குறித்து வைக்கும் ஏடு உண்டா? மையம் இல்லாத நாளில் ஒவ்வோர் உறுப்பும் தன் கடமையைத் தானே ஆற்றுமா? இம்மூன்றிற்கும் ‘ஆம்’ என்னும் விடை கிடைக்குமானால் அவ்வமைப்பை நம்பலாம். விடுமுறை நாளொன்றில் செஞ்சிக்குச் சென்று ராஜகிரியின் ஏழு வாயில்களையும் ஏறிப் பாருங்கள். ஒவ்வொரு வாயிலிலும் நின்று, ‘இவ்வாயில் தனித்து நிற்குமா?’ என்று வினவிக்கொண்டே ஏறுங்கள். உச்சியை அடையுமுன் பொறியியலின் சிறந்த பாடம் ஒன்றைக் கற்றிருப்பீர்கள்.